இளங்குதிரை தின்னத் திணறுகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிச் சொல்வார்கள். கொள்ளுக்கும் வாயைத் திறக்காத குதிரையென்றால் உடம்பில் எங்கோ கோளாறு இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் குதிரை வளர்ப்பவர்கள் சிலர்தான். ஈப்போ பந்தயத் திடலில் ஓட்டத்துக்குத் தேறாத இளங்குதிரையை வாங்கி வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்காக மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் உண்டு. இவர்களிடமிருந்து அடிக்கடி வருவது ஒரே கேள்வி: "குதிரை சாப்பிடவில்லை, என்ன மருந்து கொடுக்கலாம்?"

மருந்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு வாய்ப் புல் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குதிரைக்குப் பசி எடுக்க வேண்டும். உதடும் வெட்டுப்பல்லும் புல்லைப் பற்ற வேண்டும். கடைவாய்ப்பல் அரைக்க வேண்டும். தொண்டை விழுங்க வேண்டும். உணவுக்குழாய் அதை வயிற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஐந்தில் எது தவறினாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "சாப்பிடவில்லை" என்றுதான் தெரியும். காரணங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பல்வலிக்கும் தொண்டையடைப்புக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் ஒரே டானிக்கைக் கொடுப்பதால் நாள்தான் வீணாகும்.

ஆகவே முதல் வேலை வேடிக்கை பார்ப்பது. கொஞ்சம் பசும்புல், கொஞ்சம் உலர்புல், ஊறவைத்த தீவனம் ஒரு பிடி, ஒரு வாளித் தண்ணீர் ஆகியவற்றை வைத்துவிட்டு, கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். எதை முகர்கிறது, எதை வாயில் எடுக்கிறது, எத்தனை முறை மெல்கிறது, விழுங்குகிறதா, கீழே என்ன விழுகிறது என்பதையெல்லாம் கவனியுங்கள். மூக்கிலிருந்து நீரோ தீவனமோ வடிந்துகொண்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். நேராகக் கீழே மூக்கு வழியே தீவனம் வருவதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

வாய்க்குள் கையை விடுவதற்கு முன்

எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்றதும் "தொண்டையில் முள் சிக்கியிருக்கும்" என்று கையை உள்ளே விடுபவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெறிநோய் கண்ட குதிரையும் இப்படித்தான் விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடையே வெறிநோய் கண்டது. சரவாக்கில் 2017 முதல் இருக்கிறது. கெடாவும் பினாங்கும் பேராக்கின் எல்லையை ஒட்டியவை. தோட்டக் குடியிருப்பான லயத்தின் நாய்கள் குதிரை லாயத்துக்குள் தாராளமாக வந்துபோகும் ஊர் நம்முடையது. குதிரையின் குணம் திடீரென்று மாறியிருந்தால், நடை தள்ளாடினால், தன்னையே கடித்துக்கொண்டால், அண்மையில் நாய்க்கடி பட்டிருந்தால், விலகி நின்று மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு ஆபத்து டெட்டனஸ் எனும் இசிவு நோய். தாடை இறுகித் திறக்காது, காதுகள் விறைத்து நிற்கும், வால் தூக்கியிருக்கும், கைதட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு விழியின் மேல் பாய்ந்து வரும். குளம்பில் ஆணி ஏறியிருக்கலாம். குட்டியென்றால் தொப்புள் வழியே கிருமி நுழைந்திருக்கலாம். இது உடனடி மருத்துவம் தேவைப்படும் நோய், தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோயும்கூட. உங்கள் குதிரைக்கு அந்த ஊசி போடப்பட்டதற்கு எழுத்தில் சான்று இல்லையென்றால், போடப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் இல்லை என்று தோன்றினால் வெப்பமானியை எடுங்கள். வளர்ந்த குதிரையின் உடல்வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். பால்குடிக் குட்டிக்கு 38.9 வரை போகலாம். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. குட்டிக்கு இதைவிட வேகமாக ஓடும். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; கீழே எந்தப் பகுதிக்குப் போனாலும் இவை வேண்டும்.

மென்று, உருட்டி, கீழே போட்டுவிடுகிறது

ஆசையாக வருகிறது, புல்லை வாங்குகிறது, மெல்கிறது, பிறகு பாதி மென்ற புல்லை, வெற்றிலைச் சக்கையைத் துப்புவது போல், உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. இரண்டரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குதிரையிடம் இதைப் பார்த்தால் முதல் சந்தேகம் பல்லின் மேல்தான் விழ வேண்டும்.

காரணம் எளிது. குதிரைக்குப் பால்பற்கள் 24: முன்னால் வெட்டுப்பற்கள் 12, பின்னால் முன்கடைவாய்ப்பற்கள் 12. இவை அத்தனையும் ஏறத்தாழ இரண்டரை வயதில் தொடங்கி நான்கரை வயதுக்குள் விழுந்து புதுப்பல் முளைக்கின்றன. வெட்டுப்பற்களில் நடு இணை இரண்டரை வயதில், அடுத்தது மூன்றரையில், ஓரத்தது நான்கரையில் மாறும். கடைவாயில் முதல் பால்பல் இரண்டரையிலும், இரண்டாவது மூன்றை ஒட்டியும், மூன்றாவது நான்கை ஒட்டியும் விழும். இதற்கிடையே பால்பல்லே இல்லாத பின்கடைவாய்ப்பற்கள் ஒரு வயது, இரண்டு வயது, மூன்றரை வயது என்று புதிதாக முளைத்துவரும். அதாவது நாம் சேணம் போட்டுப் பழக்கத் தொடங்கும் அதே வயதில் வாய் முழுவதும் கட்டுமான வேலை நடக்கிறது. இந்த வயதுக் குதிரையை "சண்டித்தனம் பண்ணுகிறது" என்று அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

புதுப்பல் கீழிருந்து தள்ளும்போது பால்பல் தேய்ந்து ஓர் ஓடுபோல் மிஞ்சும். அது தானாக விழ வேண்டும். சில நேரம் ஒரு பக்கம் மட்டும் கழன்று, ஈற்றில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு மெல்லலிலும் குத்தும். ஓட்டுக்கும் புதுப்பல்லுக்கும் இடையே புல் சிக்கி அழுகும். வாய் நாறும். தலையை ஒருக்களித்து மெல்லும். உலர்புல்லைத் தண்ணீர் வாளியில் முக்கி முக்கித் தின்னும். சாணத்தில் நீள நீளமான நார்களும் உடையாத தானியமும் தெரியும்.

அடுத்த காரணம் கூர்முனை. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் தேயாமல் கூராகிவிடும். ஒன்று கன்னத்தைக் கிழிக்கும், மற்றது நாக்கைக் கிழிக்கும். பால்பல்லிலேயே இது வரும்.

நீங்கள் செய்யக்கூடியது: உதட்டைத் தூக்கி வெட்டுப்பற்களைப் பாருங்கள். இளங்குதிரைகள் இரும்புக் கதவையும் வாளிப் பிடியையும் கடித்து இழுத்துப் பல்லையும் தாடையையும் உடைத்துக்கொள்வது வழக்கம். முதலில் அதைத் தேடுங்கள். பிறகு கன்னத்துக்கு வெளியிலிருந்து மேல் கடைவாய்ப்பல் வரிசையை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் தலையை வெடுக்கென்று இழுத்தால் அங்கே புண் இருக்கிறது. மூக்கின் ஒரு துளையில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், மேல்பல்லின் வேர் சீழ்பிடித்து அதன் மேலுள்ள எலும்புப் பொந்துக்குள் இறங்கியிருக்கலாம்.

நீங்கள் செய்யக் கூடாதது: குறடு போட்டுப் பால்பல் ஓட்டைப் பிடுங்குவது. தளராத ஓட்டை முன்கூட்டியே பிடுங்கினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப்பல் கெட்டுவிடும். அந்தப் பல் வாழ்நாள் முழுவதும் வேண்டும். மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியை மாட்டி, விளக்கடித்துப் பார்த்து, எது விழத் தயாராக இருக்கிறதோ அதை எடுப்பார், கூர்முனையை அரத்தால் தேய்ப்பார். பல் மாறும் இந்த இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள். அவர் வரும்வரை தீவனத்தைக் கஞ்சிபோல் ஊறவைத்துக் கொடுங்கள்.

கடிவாளம் மாட்டினால் மட்டும் தலையை உதறுகிறது, கழற்றினால் நன்றாகத் தின்கிறது என்றால் அது வேறு. கடைவாய் வரிசைக்கு முன்னால் ஒரு வயதுக்குள் முளைக்கும் சிறு பல்லைக் கடிவாள இரும்பு இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முகம் புடைக்கிறது, நடை விறைக்கிறது, மெல்ல மறுக்கிறது

நம் ஊருக்கென்றே எழுத வேண்டிய பகுதி இது. தோட்டப்புறத்தில் மாடு வளர்த்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதனால் குதிரை வந்ததும் மாட்டுக்குப் போட்டதையே போடுகிறோம்: வெட்டிய நேப்பியர் புல், அதோடு அரிசித் தவிடு. மெலிந்தால் இன்னும் கொஞ்சம் தவிடு. "தவிடு போட்டால் தேறும்" என்று பெரியவர்கள் சொல்வது மாட்டுக்குச் சரி. குதிரைக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் எலும்பு கரைகிறது.

எப்படி என்று சொல்கிறேன். நேப்பியர், கினிப்புல், செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற உப்பு இருக்கிறது. செட்டேரியாவில் மிக அதிகம். அது புல்லிலுள்ள கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தப் பிடியை உடைத்துவிடுகின்றன. பிறகுதான் புல் சிறுகுடலுக்குப் போகிறது, மாட்டுக்குக் கால்சியம் கிடைத்துவிடுகிறது. குதிரைக்கு நுண்ணுயிரிகள் இருப்பது பெருங்குடலில். கால்சியத்தை உறிஞ்சும் சிறுகுடல் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பூட்டு திறப்பதற்குள் கதவைத் தாண்டிப் போய்விடுகிறது கால்சியம்.

தவிட்டின் குற்றம் வேறு வகை. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். குதிரையின் மொத்த உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகமாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருந்தால் நல்லது. புல்லில் கால்சியம் பூட்டப்பட்டு, தவிட்டில் பாஸ்பரஸ் குவிந்தால், உடம்பு இரத்தத்தின் சமநிலையைக் காக்க எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு வளரும். முகவெலும்பில் இது கண்ணுக்குத் தெரியும்: கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புடைத்து, முகம் பெரிதாகத் தோன்றும். பல்லைப் பிடித்து நிறுத்தும் எலும்பு இளகுவதால் பல் ஆடும், மெல்ல வலிக்கும்.

ஆனால் முகம் புடைக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே சொல்லும் அறிகுறிகள் இருக்கின்றன: இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று மாறி மாறி நொண்டும், எட்டு குறுகும், முதுகைத் தொட்டால் சுருங்கும், வயிறு நிறையத் தின்றும் மெலியும். வளரும் குதிரைக்கும் பால் கொடுக்கும் தாய்க்குதிரைக்கும் கால்சியத் தேவை கூடுதல் என்பதால் முதலில் அடிபடுவது அவைதான். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். எலும்பைக் கரைத்துத்தான் அந்த அளவு நிலைநிறுத்தப்படுகிறது. சிறுநீர்ச் சோதனையும் தீவனக் கணக்கும்தான் உண்மையைச் சொல்லும்.

திருத்தும் வழி தீவனத்தில் இருக்கிறது. தவிட்டை நிறுத்துங்கள். நேப்பியரை மட்டுமே நம்பாமல் இறக்குமதி உலர்புல்லைச் சேருங்கள். திமோதி இருந்தால் நல்லது, கால்சியம் நிறைந்த குதிரைமசால் கிடைத்தால் ஒரு பங்கு அதுவும் இருக்கட்டும். தீவனத்துக்கான சுண்ணாம்புத் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் சேர்க்க வேண்டிவரும். குதிரையின் எடையையும் அது தின்னும் புல்லின் அளவையும் வைத்து மருத்துவர் அந்த அளவைச் சொல்லட்டும். நொண்டல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறையும். எலும்பு திரும்ப நிறையப் பல மாதம் ஆகும். புடைத்த முகம் முழுதாக வடியாமலே நின்றுவிடலாம். உலர்புல்லுக்குச் செலவாகும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் செலவைத் தாங்க முடியாதென்றால் குதிரை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூக்கு வழியே தீவனம் வருகிறது

தின்றுகொண்டிருந்த குதிரை திடீரென்று கழுத்தை நீட்டி, தாடையை மார்போடு இழுத்து, இருமுகிறது. இரண்டு மூக்கிலும் பச்சை நுரையும் தீவனக் கூழும் வழிகின்றன. இது உணவுக்குழாய் அடைப்பு. மூச்சுக்குழாய் திறந்துதான் இருக்கிறது, குதிரை மூச்சுவிடும். ஆகவே நீங்கள் பதற்றப்பட வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மேலே தள்ளப்படுவதெல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும்.

செய்ய வேண்டியவை இவை. தீவனம், புல், தண்ணீர், தின்னக்கூடிய படுக்கை வைக்கோல் எல்லாவற்றையும் அகற்றுங்கள். அமைதியான நிழலில், தலை தாழ்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். வடிவது வெளியே விழட்டும். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல அடைப்புகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். அவர் வரும் வழியில் இறங்கிவிட்டால் நல்லதுதான், ஆனால் அதை எதிர்பார்த்து அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியே குழாய் செலுத்தித் தண்ணீரால் கரைத்து எடுப்பார்.

எண்ணெய் ஊற்றாதீர்கள். வாயில் ரப்பர்க் குழாயை வைத்துத் தண்ணீர் அடிக்காதீர்கள். குச்சியோ குழாயோ விட்டுக் குத்தாதீர்கள். அடைப்பால் குதிரை சாவது குறைவு. ஊற்றியது நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாவால் சாவது அதிகம். இதே காரணத்தால், அடைப்பு நீங்கிய பிறகும் சில நாள் காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். 38.5ஐத் தாண்டினால் உடனே சொல்லுங்கள்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் குருணைத் தீவனத்தையும் உலர்வாகப் போட்டதே நம்மிடம் இதற்கு வழக்கமான காரணம். ஊறவையுங்கள். அவசரமாக விழுங்கும் குதிரையென்றால் தொட்டியில் முஷ்டியளவுக்கும் பெரிய வழுவழுப்பான கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் மெதுவாகத் தின்னும். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் பல்லைக் காட்டுங்கள். அரைக்காமல் விழுங்குகிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

தாடைக்கடியில் வீக்கம்

இங்கே இரண்டைப் பிரித்தறிய வேண்டும். மூன்று நான்கு வயதில் கீழ்த்தாடை எலும்பின் அடிவிளிம்பில் கெட்டியான, வலியில்லாத முண்டுகள் வரும். புதுப்பல்லின் வேர் இடம் தேடுவதால் வருவது அது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, நன்றாகத் தின்கிறது என்றால் விட்டுவிடுங்கள், தானே அமுங்கும்.

தாடை எலும்புகளுக்கு நடுவே, தொண்டையை ஒட்டி, சூடாக, தொட்டால் வலிக்கும் வீக்கம், 39 முதல் 41 டிகிரி வரை காய்ச்சல், இரண்டு மூக்கிலும் மஞ்சள் சளி, தண்ணீரை விழுங்கவே கழுத்தை நீட்டுகிறது என்றால் அது ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவற்றை அதிகம் பிடிக்கிறது. பிற குதிரைகளிடமிருந்து உடனே பிரியுங்கள். வாளி, கயிறு, தூரிகை, உங்கள் கை என்று எல்லாமே அதைக் கொண்டுபோகும். தொற்றியபின் 3 முதல் 14 நாளில் நோய் வெளிப்படும் என்பதால், லாயத்திலுள்ள மற்றவற்றுக்கும் நாள்தோறும் இருமுறை வெப்பம் பாருங்கள். காய்ச்சல் முதலில் வரும், கிருமி வெளியேறுவது ஓரிரு நாள் கழித்தே தொடங்கும். அந்த இடைவெளியில் பிரித்துவிட்டால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். பந்தயத் திடலிலிருந்தோ வேறு லாயத்திலிருந்தோ புதிதாக வரும் குதிரையை மூன்று வாரம் தனியே கட்டுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எச்சில் ஒழுகுகிறது, ஆனால் அடைப்பு இல்லை

வாய்ப்புண்ணைத் தேடுங்கள். நம் தோட்டத்துப் புல்லோடு தொட்டாற்சிணுங்கி கலந்து வரும். அதன் முள் நாக்கிலும் ஈற்றிலும் ஏறும். செம்பனை மட்டையின் முள்ளும் அப்படியே. களைக்கொல்லி அடித்த ஓரத்தில் அறுத்த புல்லாகவும் இருக்கலாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. பழைய கலன்கள் கொட்டகை மூலையில் கிடக்கக்கூடும், வேறு மருந்துகளும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்தடித்த நாளைத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அங்கே புல் அறுங்கள்.

நாக்கு தளர்ந்து வெளியே தொங்குகிறது, இழுத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை, கண்ணிமையும் வாலும் சோர்ந்திருக்கின்றன என்றால் புண் இல்லை; பொட்டுலிசம் என்ற நச்சுநோய். மாட்டுக்காகப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் புளிக்கவைத்த புல்லான சைலேஜ் கெட்டுப்போய், அதைக் குதிரை தின்றிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வயதான குட்டிக்குக் குடலிலேயே கிருமி வளர்ந்தும் இது வரும்; நிற்கும்போதே தசை நடுங்கி விழுந்துவிடும். மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம்.

முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது

மெல்லவும் விழுங்கவும் முடியும், விருப்பம்தான் இல்லை. இங்கே ஒரு கைவிதி உதவும். கெட்டிப் புல்லை விட்டு ஊறிய தீவனத்தை மட்டும் தின்றால் பல்லைச் சந்தேகியுங்கள். தீவனத்தை விட்டுப் புல்லைக் கொறித்தால் வயிற்றைச் சந்தேகியுங்கள்.

குதிரையின் வயிறு இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது எச்சில். எச்சில் சுரப்பதோ மெல்லும்போது மட்டும். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி என்று போட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டிவைத்தால் புண் வருவதில் வியப்பில்லை. பல்லை நறநறவென்று கடித்தல், பாதித் தீவனத்தில் விலகுதல், சேண வாரை இறுக்கினால் கடிக்க வருதல் ஆகியவை அடையாளங்கள். குட்டி மல்லாந்து படுத்து எச்சில் வடித்தால் புண் முற்றியிருக்கலாம். உறுதிசெய்ய உள்நோக்கிக் கருவி வேண்டும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுப்பார்கள். நொண்டலுக்கு யாரோ தந்த வலிநிவாரணியை நாள்கணக்கில் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தே வயிற்றிலும் வாயிலும் புண்ணாக்கும்.

இரண்டு வயதுக்குட்பட்டது, வயிறு மட்டும் பெருத்து மயிர் சிலும்பியிருந்தால் உருண்டைப்புழு. நிறைய இருக்கும்போது ஒரே அடியில் கொன்றால் செத்த புழுக்களே குடலை அடைத்துவிடும். சாணத்தைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தை மட்டும் கொடுங்கள்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கம்: மாட்டு ஈ பரப்பும் சுர்ரா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இரத்தச் சோதனை எடுங்கள்.

மதிய வெயிலில் மற்றவை வியர்க்கும்போது இது மட்டும் உலர்ந்த தோலோடு இரைக்கிறதா? வியர்வை நின்றுபோன குதிரை அது. குளிர்நாட்டிலிருந்து வந்தவற்றிடம் காணலாம். தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, தீவனத்தை விடியலுக்கும் இரவுக்கும் மாற்றுங்கள்.

தீவனத்தையும் முகர்ந்து பாருங்கள். நம் ஈரப்பதத்தில் திறந்த சாக்கு விரைவில் பூஞ்சை பிடிக்கும். குதிரை வேண்டாம் என்று ஒதுக்கும் சாக்கை வெல்லம் கலந்து ஊட்டாதீர்கள். கோழித் தீவனம், மாட்டுக் கலப்புத் தீவனம் எதையும் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும், மாற்றுமருந்து கிடையாது. தின்ன மறுப்பதே அதன் முதல் அறிகுறி. பிறகு வியர்வை, தள்ளாட்டம்.

தின்ன மறுத்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் பறித்து, படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால்குடிக் குட்டி

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் குடிக்க வேண்டும். சீம்பாலின் நோயெதிர்ப்புப் பொருளைக் குடல் உள்வாங்கும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். தாயின் மடி இறுகிச் சொட்டுகிறது, குட்டியின் நெற்றியில் பால் காய்ந்திருக்கிறது என்றால், குட்டி மடியின் கீழே நிற்கிறதே தவிரக் குடிக்கவில்லை. குடித்த பால் மூக்கு வழியே வந்தால் அண்ணத்தில் பிளவு இருக்கலாம், விழுங்கும் வலு இல்லாமலும் இருக்கலாம். புட்டியால் வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். காலை வரை பார்ப்போம் என்று குட்டி விஷயத்தில் மட்டும் சொல்லாதீர்கள்.

மருத்துவரைக் கூப்பிடும்போது

குதிரை பார்க்கும் மருத்துவர்கள் நம் நாட்டில் குறைவு. ஈப்போவிலிருந்து ஒருவர் வர நேரமாகும் என்பதால் தொலைபேசியில் நீங்கள் சொல்லும் தகவலே முதல் சிகிச்சை. வயது, வெப்பம், நாடி, ஈற்றின் நிறம், கடைசியாகத் தின்றது எப்போது, சாணம் போட்டது எப்போது, புல் எந்த இடத்தில் நிற்கிறது, மூக்கிலிருந்து வருவது ஒரு துளையிலா இரண்டிலா என்பதைச் சொல்லுங்கள். கைப்பேசியில் அது தின்னும் காட்சியை எடுத்து அனுப்புங்கள். கோலகங்சார் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தின் எண்ணையும் எழுதி லாயச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னால் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். அடைப்பு நீங்காத குதிரையை மருத்துவர் பார்க்காமல் லாரியில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் தலையைத் தாழ்த்தும் அளவுக்குக் கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள், வண்டிக்குள் புல் வைக்காதீர்கள். கடைசியாகத் தின்ற தீவனத்தில் ஒரு கைப்பிடியையும், சாக்கில் தைத்திருக்கும் சீட்டையும், அறுத்த புல்லில் ஒரு கட்டையும் பையில் போட்டுக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.